கரிசல் மண்ணும் கண்ணாடிக் கிண்ணமும்

ஒரு பிடி மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அறிய ஆய்வுக்கூடங்களில் வழக்கமான முறை ஒன்று உண்டு. மண்ணை எடை போட்டு, சுமார் 110 டிகிரி செல்சியஸ் சூட்டில் இராமுழுக்க உலர்த்தி, மறுநாள் மறுபடி எடை போடுவார்கள். குறைந்த எடைதான் வெளியேறிய தண்ணீர். சாலை போடும் இடத்தில் பொறியாளர் இரவெல்லாம் காத்திருக்க முடியாது என்பதால் வேகமான முறை ஒன்றும் வந்தது. மண்ணை மைக்ரோவேவ் ஓவனில் வைத்துச் சில நிமிடம் சூடாக்குவது, எடை போடுவது, எடை குறைவது நிற்கும்வரை இதையே திரும்பச் செய்வது. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு இதற்கென்றே டி 4643 என்ற எண்ணில் செய்முறைத் தரம் ஒன்றை வைத்திருக்கிறது.

அந்த ஆவணத்தில் மண்ணை எந்தப் பாத்திரத்தில் வைப்பது என்றும் ஒரு பகுதி இருக்கிறது. பாத்திரம் உலோகமாக இருக்கக் கூடாது. ஈரத்தை உறிஞ்சக் கூடாது. திடீர்ச் சூட்டில் விரிசல் விடக் கூடாது. திரும்பத் திரும்பச் சூடாக்கிக் கழுவினாலும் அதன் எடையோ வடிவமோ மாறக் கூடாது. பீங்கானும் போரோசிலிகேட் கண்ணாடியும் இதற்குச் சரிப்படும். சோறு சூடுபண்ணும் நமக்கும் இதே நிபந்தனைகள்தான். ஓவனோடு வரும் கையேடு பெரிய எழுத்தில் ‘மைக்ரோவேவ் சேஃப் பாத்திரங்களையே பயன்படுத்தவும்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. மண் பொறியாளர்களோ எது ஏன் கூடாது என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அடுப்படிக்குப் போவதற்கு முன் கோவில்பட்டிக் கரிசலைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஐப்பசி மழையில் காலை எடுக்கவிடாமல் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் மண் இது. சித்திரையில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மான்ட்மோரில்லோனைட் வகைக் களிமண் கனிமங்கள் இதில் மிகுதி. அவற்றின் தகடுகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தடிமன். ஓலைச்சுவடிக் கட்டுப்போல அவை அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அடுக்குகளின் இடையே தண்ணீர் புகுந்தால் கட்டு உப்புகிறது, தண்ணீர் போனால் சுருங்குகிறது. மானாவாரிப் பருத்தியும் கம்பும் சோளமும் மழை நின்ற பின்னும் இங்கே தாக்குப்பிடிப்பது இந்தச் சேமிப்பை நம்பித்தான். இதே குணத்தால் கரிசலை அப்படியே பிசைந்து பானை வனைய முடியாது. காய்கிறபோதே சுருங்கி வெடித்துவிடும். பானைக்குக் கண்மாய் வண்டலும் மணலும் வேண்டும்.

ஈரக் கரிசலை ஓவனில் வைத்தால் சூடாகும். எலும்பாகக் காய்ந்த கரிசலை வைத்தால் அந்த அளவுக்குச் சூடாகாது. மண் அதே மண்தான்; நடுவில் இருக்கும் தண்ணீரால்தான் இந்த வேறுபாடு. அலையை விழுங்குவது பெரும்பாலும் தண்ணீர்.

வீட்டு ஓவன்களில் பிறக்கும் அலை நொடிக்கு 245 கோடி முறை அதிர்கிறது. அதன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். தண்ணீர் மூலக்கூறில் ஒரு முனையில் நேர்மின் சாயலும் மறுமுனையில் எதிர்மின் சாயலும் இருக்கின்றன. அலையின் மின்புலம் திசை மாறும்போதெல்லாம் மூலக்கூறும் திரும்பப் பார்க்கிறது; அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் விடுவதில்லை; அந்த இழுபறியில் சூடு பிறக்கிறது. தண்ணீரின் சொந்த அதிர்வெண்ணோடு ஒத்துப்போவதால்தான் இந்த 245 கோடியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பள்ளிப் புத்தகங்கள்கூடச் சில சமயம் எழுதுகின்றன. அது சரியில்லை. சாதாரண வெப்பநிலையில் தண்ணீர் மிக அதிகமாக விழுங்குவது இதைப்போல ஏழெட்டு மடங்கு அதிர்வெண்ணில். அந்த அலையை வைத்துச் சமைத்தால் மேல்தோலிலேயே எல்லாம் தீர்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். சற்றுக் குறைவாக விழுங்கப்படுவதால்தான் நம் ஓவனின் அலை ஓரிரு சென்டிமீட்டர் உள்ளே போகிறது. உப்பு கரைந்திருந்தால் அயனிகளும் அலைக்கழிந்து சூட்டைக் கூட்டும். எண்ணெய் குறைவாகவே விழுங்கும். ஆனால் தண்ணீரைப்போல 100 டிகிரியில் கொதித்து ஆவியாகி வெப்பத்தை வெளியேற்றும் வழி அதற்கு இல்லை. இந்தக் கடைசிச் செய்தி பிளாஸ்டிக் டப்பாவிடம் வரும்போது தேவைப்படும்.

இந்தக் கருவி பிறந்த கதையில் கோவில்பட்டிக்காரர்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு துணுக்கு இருக்கிறது. 1945இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் ராடாருக்கான மேக்னட்ரான் குழாய்களோடு வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியது என்பது எல்லோரும் சொல்லும் கதை. உருகியது சாக்லேட் என்பார்கள். அணில்களுக்குப் போடத் தாத்தா வைத்திருந்த நிலக்கடலை மிட்டாய் அது என்று அவருடைய பேரன் சொல்லியிருக்கிறார். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயை யாரும் ஓவனில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. சூடேறத் தொடங்கிய வெல்லப்பாகு மேலும் மேலும் வேகமாக அலையை விழுங்கும், தட்டு தாங்காது. 1947இல் விற்பனைக்கு வந்த முதல் ஓவன் கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரமும் 340 கிலோ எடையும் கொண்டது. அதை யாரும் திருமணச் சீராகக் கொடுத்திருக்க முடியாது.

அலைக்கு முன்னால் ஒரு பாத்திரம் மூன்றில் ஒன்றைச் செய்கிறது: அலையை விடும், திருப்பி அனுப்பும், அல்லது தானே விழுங்கும்.

நம் வீடுகளில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பும் கூட்டம்தான். எவர்சில்வர் தூக்கு, அலுமினியச் சட்டி, பித்தளைக் குடம், கூழ் குடித்த வெண்கலக் கும்பா, ரசம் வைக்கும் ஈயச் சொம்பு. எவர்சில்வருக்குள் இந்த அலை சுமார் 9 மைக்ரான் ஆழம்தான் நுழைகிறது. டம்ளரின் தகடு அதைவிடப் பல மடங்கு தடிமன். ஆகவே தூக்கில் இருக்கும் சாம்பாருக்குப் பக்கவாட்டிலிருந்தும் அடியிலிருந்தும் ஒன்றும் கிடைக்காது. வாய் வழியாகப் போகிற அலைதான் மிச்சம். ஓவனுக்குள் உலோகத்தை வைத்தால் உடனே வெடிக்கும் என்ற பயம் ஊரில் பரவலாக இருக்கிறது. ஓவனின் உள்சுவரே உலோகத் தகடுதான். ஆபத்து இருப்பது விளிம்பிலும் முனையிலும். முள்கரண்டியின் நுனி, தூக்கின் கைப்பிடி வளையம், கசங்கிய அலுமினியத் தாள், சுவரை ஒட்டி நிற்கும் டம்ளர் விளிம்பு ஆகிய இடங்களில் மின்புலம் குவிந்து பொறி பறக்கும். திருப்பி அனுப்பப்படும் அலை மேக்னட்ரானுக்கே போய்ச் சேர்ந்தால் அதன் ஆயுளும் குறையும். ஈயச் சொம்பின் சங்கதி இன்னும் மோசம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ரசம் ஊற்றாமல் அடுப்பில் வைக்கக் கூடாது என்பது அந்தச் சொம்பைப் புழங்குகிற எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு பொறி விழுகிற புள்ளியில் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும்.

தடித்த உலோகம் அலையைத் திருப்புகிறது. மிக மெல்லிய உலோகம் சூடாகிறது. இதைத் தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பீங்கான் தட்டின் ஓரத்தில் ஓடும் தங்கக் கோடு, ஓட்டல் பார்சல் வரும் சில்வர் கவரின் உள்பூச்சு ஆகியவை ஒரு மைக்ரானில் நூற்றில் சில பங்கே தடிமனுள்ள படலமாக இருக்கலாம். அலை தூண்டும் மின்னோட்டம் அவ்வளவு குறுகிய பாதையில் நெரிபடுகையில் பாதை கொதிக்கிறது. அறுந்த இடத்தில் தீப்பொறி தாவுகிறது. ஓவனில் பொரிக்கும் பாப்கார்ன் பைகளின் அடியில் இதே தத்துவத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். அளந்து செய்த பூச்சு அது. பிரியாணிக் கவரில் யாரும் அளந்து செய்யவில்லை.

விழுங்கும் கூட்டத்தில் முதலிடம் மண்சட்டிக்கு. மண்சட்டி இயற்கையானது, ஆகவே எதிலும் வைக்கலாம் என்ற எண்ணம் இப்போது நகரத்தில் அதிகம். சுட்ட மண்ணில் களிமண் கனிமத்தின் அடுக்குத் தண்ணீர் போய்விடுகிறது, உண்மை. ஆனால் சுவரெங்கும் நுண்துளைகள் மிஞ்சுகின்றன. பானைத் தண்ணீர் குளிர்வது அந்தத் துளைகளின் வழியே கசிந்து ஆவியாவதால்தான். மீன்குழம்பு வைத்துக் கழுவிக் கவிழ்த்த சட்டியில் அந்தத் துளைகள் எல்லாம் தண்ணீரால் நிரம்பியிருக்கும். ஓவனில் வைத்தால் குழம்பும் சட்டியும் அலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். குழம்பு மந்தமாகச் சூடேறும். சட்டி விரலைப் பொசுக்கும். துளைக்குள் அவசரமாக நீராவி பிறந்தால் சட்டி விரிசல் விடும். மானாமதுரையில் வாங்கிய நல்ல சட்டியாக இருந்தாலும் இதுதான் நடக்கும். வடிகஞ்சி ஊற்றிக் கொதிக்கவைத்து, எண்ணெய் தடவிப் பழக்கிய சட்டியில் துளைகள் ஓரளவு அடைபட்டிருக்கும். ஆகவே அது கொஞ்சம் தேவலை. ஒரே சட்டி, நாள் முழுக்க வெயிலில் காய்ந்த பிறகு ஒரு மாதிரியும், கழுவிய கையோடு வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். மண்சட்டிக்கு விறகடுப்பும் கேஸும் இருக்கின்றன. ஓவனுக்கு அதைக் கொண்டுவர எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பீங்கானில் எச்சரிக்கை அடிப்பாகத்தில். நன்றாக மெருகிட்ட கோப்பை தண்ணீர் குடிக்காது; ஆனால் பல கோப்பைகளின் அடி வளையத்தில் மெருகு இருக்காது, சொரசொரப்பாகத் தெரியும். நன்றாகச் சுட்டெடுத்த பீங்கான் என்றால் அந்த இடமும் கெட்டியாக இருக்கும். மலிவான வகை என்றால் அங்கேதான் தண்ணீர் உறிஞ்சும். பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடியின் மெருகில் வலைபோல மெல்லிய கீறல்கள் விழுந்திருந்தால், உப்பும் ஈரமும் உள்ளே போய்த் தங்கியிருக்கும். அதை ஓவனில் வைக்கக் கூடாது. பழைய வண்ணப் பூச்சுகள் சிலவற்றில் காரீயம் உண்டு. புளிக்குழம்பின் அமிலமும் சூடும் சேர்ந்தால் அது உணவில் இறங்கும். அழகு பார்க்க அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

பாத்திரத்தின் அடியில் குறி இல்லை, விற்றவருக்கும் தெரியவில்லை என்றால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சந்தேகத்துக்குரிய பாத்திரத்தைக் காலியாக ஓவனில் வையுங்கள். பக்கத்திலேயே ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வையுங்கள். முழு ஆற்றலில் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். தண்ணீர் சூடாகிப் பாத்திரம் குளிர்ந்திருந்தால் அது அலையை விடுகிற பாத்திரம். பாத்திரமும் சுடுகிறது என்றால் அது விழுங்குகிறது, ஒதுக்கிவிட வேண்டியதுதான். வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் சிறிது நேரச் சூடுபடுத்தலுக்குப் போதும். தண்ணீர் டம்ளரை மறக்கக் கூடாது. விழுங்க எதுவும் இல்லாத ஓவனில் அலை முழுவதும் மேக்னட்ரானுக்கே திரும்பும். உலோகத்தையும் தங்கக் கோடு போட்டதையும் இந்தச் சோதனைக்கே கொண்டுவரக் கூடாது.

இந்தச் சோதனையை நான் நம்புகிறேன், ஒரு வரம்புக்குள். அலை பாத்திரத்தின் ஊடே போகிறதா என்ற கேள்விக்கு மட்டுமே இது பதில் சொல்லும். இன்னும் இரண்டு கேள்விகள் மிச்சம்: உள்ளே இருக்கும் உணவின் சூட்டைப் பாத்திரம் தாங்குமா? தாங்கினாலும், தன்னிடமுள்ளதை உணவில் கலக்குமா? ‘சேஃப்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிவிட்டார்கள்.

இரண்டாவது கேள்வியில் தோற்பது டீக்கடை கண்ணாடி டம்ளர். சாதாரணச் சோடா சுண்ணாம்புக் கண்ணாடி சூட்டில் விரிகிற அளவு, போரோசிலிகேட் கண்ணாடி விரிவதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாதபோது கண்ணாடி உடைகிறது. சுடச்சுட எடுத்து ஈரமான கிரானைட் மேடையில் வைப்பது சரியாக அதைத்தான் செய்கிறது. போரோசிலிகேட்டும் இதற்கு முழு விலக்கு இல்லை. மடித்த துணிமேல் வைப்பது நல்லது. வழுவழுப்பான கண்ணாடிப் பாத்திரத்தில் வெறும் தண்ணீரைச் சூடாக்கினால் குமிழி பிறக்க இடமில்லாமல் 100 டிகிரியைத் தாண்டியும் அசையாமல் நிற்கும். காப்பித்தூளைப் போட்ட கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். முன்கூட்டியே ஒரு மரக்குச்சியை உள்ளே போட்டுவைத்தால் போதும்.

மெலமைன் தட்டு முதல் கேள்வியிலும் தோற்கும், மூன்றாவதிலும் தோற்கும். பார்க்கப் பீங்கான்போல இருக்கும், கீழே விழுந்தால் உடையாது, விசேஷ வீட்டு அன்பளிப்பாக வந்து குவியும். அது அலையை விழுங்கித் தானே சூடாகும். தைவானில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், 12 பேருக்குச் சூடான நூடுல்ஸ் சூப்பை ஒரு முறை மெலமைன் கிண்ணத்திலும் மூன்று வாரம் கழித்துப் பீங்கான் கிண்ணத்திலும் கொடுத்தார்கள். பாதிப்பேருக்கு வரிசையை மாற்றினார்கள். மெலமைன் கிண்ணத்தில் குடித்தபின் சிறுநீரில் வெளியான மெலமைன் 8.35 மைக்ரோகிராம்; பீங்கான் கிண்ணத்தில் குடித்தபின் 1.31. ஓவனே இல்லாமல், சூப்பின் சூட்டில் மட்டும் கிடைத்த வேறுபாடு இது.

பிளாஸ்டிக் டப்பா இவற்றிலெல்லாம் தந்திரமானது. ஒரு நிமிடச் சோதனையில் முதல் வகுப்பில் தேறிவிடும். முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருப்பது பாலிப்ரோப்பிலீன். அது உருகுவது 160 டிகிரியை ஒட்டி. 1 என்ற எண் தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக்; எழுபது, எண்பது டிகிரியிலேயே தளரும். 6 பாலிஸ்டைரீன், அதற்கும் இந்தப் பக்கம் வேலையில்லை. தண்ணீராக இருக்கும் பருப்பு 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் 5ஆம் எண் டப்பா நெளியாமல் நிற்கும். மேலே எண்ணெய் மிதக்கும் குழம்பில் கதை மாறும். மிதக்கும் எண்ணெயின் சூடு 100ஐத் தாண்டி ஏறக்கூடும். அது டப்பாவின் சுவரைத் தொடும் வரியில் பிளாஸ்டிக் அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாகும். கழுவினாலும் போகாத மஞ்சள் வளையம் விழுவது அங்கேதான். மஞ்சளின் நிறப்பொருள் எண்ணெயில் கரைந்து பிளாஸ்டிக்குக்குள் போயிருக்கிறது. உணவிலிருந்து பிளாஸ்டிக்குக்குள் ஒன்று போக வழி இருக்கிறது என்றால், எதிர்த்திசையிலும் வழி இருக்கிறது.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு பொதிகட்டல் விதிகள் இந்தப் பெயர்ச்சிக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கின்றன: ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராம். சட்டப்படி விற்கும் நல்ல டப்பாவிலிருந்தும் ஏதோ இறங்கும் என்பதை ஒப்புக்கொண்டுதான் வரம்பே வைக்கிறார்கள். 2023இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குழந்தை உணவு டப்பாக்களையும் பைகளையும் மூன்று நிமிடம் ஓவனில் சூடாக்கிப் பார்த்தார்கள். சில வகைகளில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து 42.2 லட்சம் நுண்துகள்கள் வரையும், அவற்றைவிடச் சிறிய நானோ துகள்கள் 211 கோடி வரையும் வெளியேறின. உடலுக்குள் போய் அவை என்ன செய்கின்றன என்பதில் ஆய்வு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. குழந்தையின் பாலைப் பொறுத்தவரை அந்த முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை; கண்ணாடியில் சூடாக்கி, ஆறவைத்துப் பிறகு ஊற்றலாம்.

இந்தியக் கடைகளில் அதிகம் விற்கும் கன்வெக்‌ஷன் வகை ஓவன் இன்னொரு குழப்பத்தைக் கொண்டுவந்தது. அதே பெட்டி ஒரு பொத்தானில் அலையால் சமைக்கும். இன்னொரு பொத்தானில் உள்ளிருக்கும் மின்கம்பி 200 டிகிரிக் காற்றை வீசும். கன்வெக்‌ஷன் மட்டும் ஓடும்போது உலோகக் கேக் தட்டு பொருந்தும்; சாதாரணப் பிளாஸ்டிக் டப்பா தாங்காது. அலை ஓடும்போது இது தலைகீழ். இரண்டும் சேர்ந்து ஓடும் நிலையில், ஓவனோடு வந்த கம்பித்தட்டைத் தவிர வேறு உலோகம் உள்ளே போகக் கூடாது. எந்த நிலையிலும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கக்கூடியது அதற்கென்றே செய்த போரோசிலிகேட் கிண்ணம் ஒன்றுதான். வட்டமாக, அகலமாக, ஆழம் குறைவாக வாங்குங்கள். சதுரப் பாத்திரத்தின் மூலைகளில் அலை பல பக்கமிருந்து சேர்வதால் அங்கே கருகி நடுவில் சில்லென்று இருக்கும். அலை ஓரிரு சென்டிமீட்டர்தான் நுழையும் என்பதால், ஆழமான பாத்திரத்தில் கம்மஞ்சோற்றைக் குவித்துவைத்தால் நடுப்பகுதிக்குச் சூடு மெல்லத்தான் போய்ச் சேரும். பரப்பிவிட்டு, தண்ணீர் தெளித்து, பாதியில் ஒரு முறை கிளறினால் பிரச்சினை இல்லை.

இராத்திரி பரோட்டாப் பார்சல் வந்தால் இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே மேசையில் வேலை இருக்கும். சால்னா மெல்லிய பாலித்தீன் பையில் இருக்கும். அந்தப் பை 110 டிகிரியை ஒட்டி உருகும், அதற்கு முன்பே தளரும். சால்னாவின் மேலே எண்ணெய் நிற்கும். முடிச்சை அவிழ்த்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டுத்தான் ஓவன் பக்கம் போக வேண்டும். பொட்டலத்தில் பின் குத்தியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். செய்தித்தாளில் சுற்றியிருந்தால் அந்த மை உணவில் ஒட்டும். அதை அவிழ்த்து வீசிவிடலாம். எவர்சில்வர் தட்டைக் கிண்ணத்துக்கு மூடியாக வைக்காமல், இன்னொரு பீங்கான் தட்டைச் சற்றுத் திறந்தாற்போல வையுங்கள். பரோட்டாவை மட்டும் ஓவனில் வைக்க வேண்டாம். அதில் இருக்கும் கொஞ்ச ஈரத்தை அலை விரட்டிவிடும். ஆறத் தொடங்கியதும் மாவின் ஸ்டார்ச் இறுகி, பிய்க்கவே இரண்டு கை வேண்டியிருக்கும். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா என்றாலும் சரி, அதற்குத் தோசைக்கல்தான்.